ஆணையர் அறிக்கையில் விடுபட்டவை

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பத்தொன்பது வருஷமாய்ப் படுத்திருக்கிறது வழக்கு.
அண்ணன் கலியபெருமாள் வாதி,
தம்பி ஏகாம்பரம் பிரதிவாதி,
நடுவில் இரண்டே முக்கால் சென்ட்,
புதுப்பாளையத்தில், கெடிலத்துப் பக்கம்.
நேரில் பார்த்து எழுதி வா என்று
என்னை அனுப்பினார்கள்.
கறுப்புக் கோட்டு, ஒரு டேப்பு, ஒரு சர்வேயர்,
வெள்ளைப் பட்டைக்குக் கீழே
கழுத்தைச் சுற்றிச் சித்திரை தந்த சொறி.

வடக்கே வாதி வீட்டுச் சுவர்.
தெற்கே பிரதிவாதி வீட்டுச் சுவர்.
கிழக்கே முனிசிபல் சாக்கடை.
மேற்கே பொதுவழி.
இதற்குட்பட்ட மனையில்
கட்டிடம் இல்லை, கிணறு இல்லை,
பலன்தரும் மரம் எதுவும் இல்லை
என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

உடைந்த ஓடு, செங்கல் தூள், இறால் தோல்,
அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக்
குப்பைமேனி.
குனிந்தால்
ஒரு காம்பு நீளம், ஒரு காம்பு குட்டை;
மேலிலை சற்றே தள்ளி நின்று
கீழிலைக்கு வெயில் விட்டிருந்தது.
"களை சார்" என்றார் சர்வேயர்.
களை என்று எழுதினேன்.

ஆனால் வடக்குக் கொல்லைக்கதவிலிருந்து ஒரு தடம்,
புல் தேய்ந்து.
தெற்கிலிருந்தும் ஒன்று.
இரண்டும் செடியோடு நின்றுவிட்டன.
கிள்ளிய நுனிகள்
சில நேற்றையவை,
சில இன்னும் ஈரம்.

அண்ணன் மனைவி விருத்தாம்பாள் கதவிடுக்கில் சொன்னாள்:
"சின்னவனுக்கு இழுப்பு சார்.
நெஞ்சுல கோழை கட்டி ராத்திரி மூணு மணிக்கு மூச்சுக்குத் தவிச்சா
எந்த டாக்டர் கதவத் தெறப்பார்?
இலைச்சாறு அரைச் சங்கு.
கக்கிட்டுத் தூங்கிடுவான்.
அவளும் பறிக்க வர்றது எனக்குத் தெரியும்.
எழுதிடாதீங்க."

தம்பி மனைவி அஞ்சலாட்சி மீன் செதிள் கையோடு:
"இவருக்குத் துறைமுகத்துல ஐஸ் பொட்டி தூக்குற வேல.
கால்விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு.
இலையும் கல்லுப்பும் கசக்கி வச்சா
எரியுதுன்னு தெருவே கேக்கக் கத்துவார்,
மூணாம் நாள் பேச்சு மூச்சில்ல.
அவங்க விடியலுக்குப் பறிப்பாங்க,
நான் வெளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி.
வேர யாரும் பிடுங்குறதில்ல."
"பேசி வைத்துக்கொண்டீர்களா?"
"பேச்சுவார்த்தையே இல்லியே சார்."

வேரைத் தோண்டிய ஒரே ஆள்
சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல்,
எந்தத் தரப்புக்கும் வாரிசில்லை.
பூனைவணங்கி என்று
இந்தச் செடிக்கு இன்னொரு பெயர் உண்டு.
வணங்கியது:
மென்று, எச்சில் வடிய முகம் தேய்த்து,
மல்லாந்து, புரண்டு,
விரித்துவைத்த டேப்பின்மேல்
பதினாறடி நாலங்குலத்தில்
கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தது.
அது எழும்வரை
அளவு நின்றது.

தாவா சொத்திலிருந்து
எந்த ஒரு பொருளையும்
எவரும் அகற்றக் கூடாது.
தடை உத்தரவு, நான்காம் பத்தி.
அதை இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு,
கதவுகள் சாத்தியதும்
ஒரு பிடி கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டேன்.
சர்வேயர் அந்நேரம் பார்த்து
சாக்கடையை வெகு கவனமாக ஆராய்ந்தார்.

ராத்திரி, செம்மண்டலத்து வாடகை அறையில்
அம்மி இல்லை.
டம்ளர் அடியால் நசுக்கினேன்,
கல்லுப்பும் மஞ்சளும் வைத்து.
எரிந்தது.
தெரு கேட்கும் அளவுக்கு இல்லை,
எதிர் அறைக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
கழுத்தில் பச்சைப் பட்டை காயக் காய
அறிக்கையை முடித்தேன்.

பக்கம் இரண்டு, வரி பதினொன்று:
"மேற்படி மனை காலியாக உள்ளது.
யாருடைய அனுபவத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை."
கீழே கையெழுத்து.
காகித ஓரத்தில்
துடைத்தும் போகாத என் கட்டைவிரல், பச்சையாய்.

அடுத்த வாய்தா ஆடியில்.
நடுவில் ஒரு மழை பெய்தால்
இன்னும் ஒரு சாண் வளரும்.